வண்டியை எடுக்காதே, சாவி ஆணியில்தான் இருக்கிறது

வாசல் பக்கம் உன் பை கட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அக்கா வீட்டுக்குப் போவதென்றால் போ, தடுக்கவில்லை. பஸ்ஸில் போ. காரை மட்டும் எடுக்காதே. வீல் மாட்டி ஜாக்கியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன், பார்த்தால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். முடியவில்லை. வலது பக்கம் வீலைத் தாங்கும் இரும்புக் கையில் புது ரப்பர் புஷ் போட்டு, போல்ட்டைக் கையால்தான் திருகியிருக்கிறேன். ஒரு குழியில் இறங்கினால் வீல் கோணிக்கொள்ளும்.

சாவியை ஒளித்து வைக்கவில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். கிரீஸ் பட்ட துண்டு என் வேலைதான், நீ துவைக்காதே.

நேற்று நீ, "இந்த வண்டிக்குக் குடுக்கிற கவனத்துல பாதியாவது எனக்குக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாய். "வண்டி எதிர்த்துப் பேசாது" என்றேன். சொன்ன வேகத்தில் இடது பக்க போல்ட்டை, வண்டி ஜாக்கி மேல் இருக்கும்போதே முழுசாக முறுக்கிவிட்டேன். சொன்னது, முறுக்கியது, இரண்டுமே தப்பு. பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும். மறுபடி தளர்த்த வேண்டும்.

ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: முறுக்கும்போது டிரைவர் சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் அடியில் படுத்திருப்பேன்.

(இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்) நீ பேசக்கூட வேண்டாம். பையை மடியில் வைத்துக்கொண்டேகூட உட்காரலாம்.