இரண்டாம் இடத்துக்கு ஓட்டுக் கேட்ட கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும்தான் இன்னும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெரிய செய்தி, நம் கட்டடத்து லிஃப்ட் ஓடுகிறது. நான்கு வருஷமாக அது நின்ற கதை உனக்குத் தெரியும், குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேர்தலில் உன் அப்பா ஜெயித்தால் அவர் கூப்பிடும் மெக்கானிக்கைப் பல் டாக்டர் கோஷ்டி விரட்டும், டாக்டர் ஜெயித்தால் இவர் கோஷ்டி விரட்டும். ஒரு ஓட்டுக் கூடுதலாக வாங்கினவருக்கே எல்லாம் என்றால் தோற்றவர் காலை வாராமல் வேறு என்ன செய்வார். நடுவில் நான்தான் நாலு மாடி இறங்க முடியாமல் வீட்டோடு கிடந்தேன். இந்தத் தடவை கணக்கு டீச்சர், சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடுவோம், கடைசியாக வருகிறவரை எடுத்துவிட்டு அவர் ஆட்கள் இரண்டாவதாக எழுதியவருக்கு அந்த ஓட்டுகளைச் சேர்ப்போம் என்றாள். மூன்றாவது ஆளாகக் கீழ்வீட்டுத் தையல்காரி நின்றாள். அடுத்தவரைத் திட்டினால் அவர் ஆட்களிடம் இரண்டாம் இடம் கிடைக்காது என்பது உன் அப்பாவுக்கும் டாக்டருக்கும் உறைத்துவிட்டது. உன் அப்பா டாக்டர் வீட்டுக்கே போய், மொத எடம் ஒங்க வீட்டுக்காரருக்கே போடுங்கம்மா, ரெண்டாவதா என்னையும் கொஞ்சம் நெனச்சுக்குங்கன்னு அவர் மனைவியிடம் கேட்டாராம். மறுநாள் டாக்டர் இங்கே வந்து இவருடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார். நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன்.

எண்ணினால் டாக்டருக்குப் பதினைந்து, தையல்காரிக்குப் பதின்மூன்று, உன் அப்பாவுக்குப் பன்னிரண்டு. அவருடைய பன்னிரண்டில் ஒன்பது பேர் தையல்காரியை இரண்டாவதாக எழுதியிருக்க, அவள் ஜெயித்துவிட்டாள். ரெண்டு பேரும் சேந்து போய் ஒரே மெக்கானிக்கக் கூட்டிட்டு வாங்கன்னாள், கூட்டிவந்தார்கள். நேற்று நானாகக் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

உன் அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. பதிமூணு பேரு எனக்குத்தான்னு சொன்னாங்க, அந்த ஒருத்தர் யாருன்னு கேட்டபடியே இருக்கிறார். முதல் மாடி பார்பர் மேல் சந்தேகம், முடிகூட வெட்டிக்கொள்ளாமல் திரிகிறார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், என் சீட்டில் தையல்காரிக்கு ஒன்று, உன் அப்பாவுக்கு இரண்டு. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை இரண்டாவதாக வைத்தது இந்த ஒரு தடவைதான்.

கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தால் பார்பர் நல்லவர் என்று மட்டும் சொல்லி வை. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

பாசத்துடன்,
அம்மா