வெள்ளை ஜீப்பும் அக்காவின் கூரையும்

ஆரையம்பதி,
28.03.2010

அன்புள்ள மகன் சிவதர்ஷனுக்கு,

கந்தசுவாமியார் காவலில் நானும் அம்மாவும் அக்காவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் லண்டன் குளிரில் விறைக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அவரையே வேண்டிக்கொள்கிறோம். இந்த வீட்டு வளவில் சுகமில்லாமல் கிடந்தது ஒன்றே ஒன்றுதான், அது நீ வாங்கி அனுப்பிய வெள்ளை ஜீப். ரெலிபோனில் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே உங்களுக்கு இந்தக் காலத்து வாகனம் விளங்காது அப்பா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தை இடையில் வெட்ட உன்னால் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், ஒரு இடத்தில் இருந்து முழுவதையும் வாசி. விளங்காதாம். மட்டக்களப்பு டிப்போவில் முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டினவன் நான். என்னுடைய பஸ்ஸில் மழைத் தண்ணீர் துடைக்கிற வைப்பர் வேலை செய்யாது, கொண்டக்டர்தான் தலையை வெளியே நீட்டி வழி சொல்லுவான், முன்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தோம், ஆனாலும் செக்பொயின்ற்காரர் மறித்து வைத்தார்களே தவிர அந்தப் பஸ் தானாக நின்று சனத்தை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு வாகனம் விளங்காது என்று சொல்ல உனக்கு வாய் கூசவில்லை.

முதலில் வீட்டு விசயம். சுனாமியில் கடல் வந்து நம்முடைய வீட்டை வாரிக்கொண்டு அத்திவாரத்தை மட்டும் விட்டுப் போய் இது ஆறாவது வருசம். தொண்டு நிறுவனம் கட்டித் தந்த இரண்டு அறையில்தான் மூன்று பேரும் காலம் தள்ளுகிறோம். நம்முடைய பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை, மாப்பிள்ளை வந்து குடியிருப்பது பெண்ணுடைய வீட்டில், அதைக் கட்டிக் கொடுப்பது தகப்பனும் கூடப்பிறந்தவனும், இதை உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. சண்டையும் கடலுமாக வருசங்கள் ஓடி அக்கா தனுஷியாவுக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது. அக்காவின் வீடு என் பொறுப்பு என்று நீயாகவே சொன்னாய், சண்டை முடிந்த கையோடு உன் காசில் பழைய அத்திவாரத்தின் மேல் சுவர் எழும்பியது, பீம் போட்டோம், நிலை வைத்தோம், அம்மா தினமும் போய்த் தண்ணீர் ஊற்றினாள். அடுத்ததாகக் கூரைக்குக் காசு வரும் என்று நான் தச்சு வேலை செய்கிற ஓடாவியாரிடம் மரத்துக்குச் சொல்லி வைத்திருக்க, ஐப்பசியில் ஒரு நாள் லொறியில் ஏறி இந்த ஜீப் வந்து இறங்கியது. ஓடுகிற வாகனம் ஏன் லொறியில் வருகிறது என்று அன்றைக்கே கேட்டேன், கொழும்பில் இருந்து றோட்டு சரியில்லை, அதுதான் பத்திரமாக அனுப்பினேன் என்றாய். அதே றோட்டில் ஒவ்வொரு நாளும் மீன் லொறி போய் வருகிறது. வீட்டை ஆரும் கட்டுவான் அப்பா, இப்பிடி ஒரு ஜீப்ப ஆர் சீதனமாக் குடுப்பான், அக்காட கலியாணத்துக்கு நான் இதுலதான் வந்து இறங்குவன் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த சிரிப்பை அம்மாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

முப்பத்திரண்டு லட்சத்தைக் கொம்பியூட்டரில் படம் பார்த்துக் கொடுத்திருக்கிறாய். படம் பார்த்துப் பெண் எடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன், அவர்களில் சிலர் நல்லாயும் இருக்கிறார்கள், படம் பார்த்து வாகனம் எடுத்தவனை உன்னைத்தான் முதன்முதலில் காண்கிறேன். வந்த கிழமையே ஸ்ரியறிங்குக்கு முன்னால் இருக்கிற எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பற்றிக்கொண்டன. பத்தாம் நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் இடது பக்கம் நிலத்தோடு படுத்துக் கிடக்கிறது. வில்லுத் தகட்டுக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்துச் செய்த வண்டியாம், சொகுசாம். ஒரு பை ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம், அதுவும் சிங்கப்பூரில் இருந்து வர ஆறு கிழமை. இடது பக்கத்துக்குப் போட்டு ஒன்பதாம் நாள் வலது பக்கம் படுத்தது. கோயிலடியில் அம்மா உள்ளே இருக்கும்போது கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்று நின்றன, சாவி என் கையில், ஹோர்ன் மட்டும் நிற்காமல் கத்தி ஊரைக் கூட்டியது. வேர்த்து விறுவிறுத்து இறங்கிய அம்மா, இனி இதற்குள் என் பிணத்தைத்தான் ஏற்றலாம் என்று சொன்னவள் சொன்னபடியே இருக்கிறாள். கொழும்பில் கொம்பியூட்டரைப் பூட்டிப் பார்ப்பதற்கு மட்டும் பதினெட்டாயிரம், அங்கே கொண்டுபோகிற லொறிக் கூலி வேறு. பார்த்துவிட்டு அங்கே நின்ற கழுத்துப் பட்டி கட்டின பொடியன் சொன்னது, பற்றரியை மாற்றிப் பாருங்கள் என்று. திருத்தத்துக்கென்று இதுவரை நீ அனுப்பியது ஆறு லட்சத்து எழுபதாயிரம். கூரைக்கு ஓடாவியார் கேட்டது மரமும் ஓடும் கூலியுமாக நாலரை லட்சம். இதை நீயே ஒரு தரம் வாய்விட்டு வாசித்துப் பார்.

கடைசியில் காத்தான்குடி அசனாரிடம் கொண்டுபோனேன், என்னோடு டிப்போவில் வேலை செய்த மெக்கானிக், இப்போது சொந்தக் கராச் வைத்திருக்கிறார். அவர் கொம்பியூட்டர் ஒன்றும் பூட்டவில்லை, சீற்றைக் கழற்றி அடியில் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கினார். கீழே கடல் மண், சிப்பித் துண்டு, வயர் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அண்ணன், இது ஓடின வாகனமில்ல, நீந்தின வாகனம், கடல் வந்த அண்டைக்கு இதுவும் எங்கயோ தண்ணிக்குள்ள நிண்டிரிக்கி, நான் ஒரு வயரத் தொட்டா ஒம்பது வயர் செத்துப்போகும், உங்கட மகன்ட காச நான் தின்ன மாட்டன் என்றார். கூலியும் வாங்கவில்லை. யோசித்துப் பார் மகன். நம்முடைய வீட்டைக் கொண்டுபோன அந்தக் கடலில் ஊறிக் கிடந்த சாமானுக்கு வெள்ளை அடித்து எவனோ உன் தலையில் கட்டியிருக்கிறான், நீயும் அதற்காக இரவு வேலையும் சேர்த்துப் பார்த்து உழைத்துக் கொட்டியிருக்கிறாய். கடலில் நனைந்ததுதான் காரணம், மற்றபடி அருமையான வாகனம் என்று இப்போது உன் மனம் சொல்லும், எனக்குத் தெரியும். களுவாஞ்சிகுடி இராசதுரையைக் கேள். றோட்டுக் கொந்தராத்து எடுத்துச் சம்பாதித்தவன், இதே சாதி ஜீப்பைப் புத்தம் புதிதாக, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படாமல் எடுத்தவன். இரண்டாம் வருசம் கியர்பெட்டி போய் ஒன்பது லட்சம் கேட்கிறார்களாம், பாதிப் பாகம் கிடைக்காதாம். அவன் வேலைத்தலத்துக்குப் போவது ஓட்டோவில். பின்னேரத்தில் மட்டும் வளவுக்குள் நிற்கிற ஜீப்புக்குள் ஏறியிருந்து, ஏசி மட்டும் நல்லா வேல செய்யிது அண்ணே என்கிறான். ஏன் விற்கவில்லை என்று கேட்டால், வித்தா இராசதுரை விழுந்துட்டான் எண்டு சனம் கதைக்கும் என்கிறான். உனக்கும் அவனுக்கும் ஒரே வருத்தம்தான்.

இனித்தான் நீ அறியாத கதை. போன மாதம் அம்பிளாந்துறைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பெயர் உதயரூபன், கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார், தாய் தகப்பன் வயல் செய்கிறவர்கள். பஸ்ஸில் போவோம் என்றேன், நீ அங்கிருந்து அழுத அழுகையில், தொட மாட்டேன் என்ற அசனாரை நான் கெஞ்சிக் கேட்டு, அவர் எப்படியோ உயிர் கொடுத்துத் தந்த ஜீப்பில் நானும் அக்காவும் பெரியம்மா சீதேவிப்பிள்ளையும் போனோம், அம்மா சொன்ன சொல் மாறாமல் வீட்டிலே நின்றுகொண்டாள். குருக்கள்மடத்தில் பாதைப் படகில் ஏற்றி வாவியைக் கடக்கும்வரைக்கும் ஒழுங்காகத்தான் நின்றது. அக்கரையில் படகைக் கட்டி இறக்கப் போனால், ஒரு பெருமூச்சு விட்டு நாலு பக்கமும் படுத்துவிட்டது. ஸ்ரார்ட் வராது, சில்லு இறுகிப்போய் உருளாது, தள்ளினால் ஹோர்ன் கத்துகிறது. நாங்கள் முன்னுக்கு வழியை அடைத்தபடி, எங்களுக்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றின உழவு இயந்திரம், ஓட்டோ, மருந்தெடுக்கப் போய்த் திரும்பின சனம், ஒருவரும் இறங்க முடியாது. இக்கரையில் படகுக்காக நின்றவர்கள் கூவுகிறார்கள். நல்ல நேரம் போயே போய்விட்டது. தயிர்ச் சட்டியோடு நின்ற ஒரு மனிசி, வாகனம் நோகுது போல, ஆராவது தைலம் தேச்சு விடுங்க என்று சொல்ல முழுப் படகும் சிரித்தது. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். முப்பத்தொரு வயதில் பெண்பிள்ளை அப்படி நின்றதைப் பார்த்தபோது உன் மேல் எனக்கு வந்த வெறுப்பை நான் மறைக்கப் போவதில்லை.

செய்தி கேட்டு மாப்பிள்ளைப் பொடியனே வந்துவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பலகையும் தென்னங்குற்றியும் கொடுத்து, ஒரு உழவு இயந்திரத்தில் சங்கிலி பூட்டி, ஒன்றரை மணித்தியாலத்தில் அந்தச் சனியனை இழுத்துக் கரையில் போட்டான். அடிவயிறு கிழிந்து எண்ணெய் ஒழுகியது. பிறகு எங்களைத் தங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனான், சீதேவிப்பிள்ளை பெரியம்மா பட்டுச் சேலையோடு நெல்மூட்டைக்கு மேல் இருந்து வந்தாள். இந்த ஜீப் சீதனமாக வருகிறது என்று நீ தரகரிடம் ரெலிபோனில் சொல்லி வைத்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தேத்தண்ணி குடித்து முடிய அந்தப் பொடியன் சொன்னான், மாமா, கோவிக்காதீங்க, அந்த வாகனம் எனக்கு வேணாம், அதப் பாக்க இன்னொரு சம்பளம் வேணும், வீட்டுக்குக் கூரையப் போடுங்க, ஆவணியில நாங்க வாறம் என்று. அக்காவைப் பார்த்து, நீங்க என்ன சொல்றீங்க என்றும் கேட்டான். அவள் ஓம் என்றாள். அவ்வளவுதான் நடந்த பேச்சு. இரண்டு பக்கமும் சரி, கூரை இல்லாத ஒன்றைத் தவிர.

அதனால் ஜீப்பை விற்றுவிட்டேன். வாங்கினவன் இராசதுரை. தன்னுடையதற்குக் கழற்றிப் பூட்டவாம், ஒரு நோயாளியைக் காப்பாற்ற இன்னொரு நோயாளியை வாங்கியிருக்கிறான், கடலில் ஊறினது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன், அது வயருக்குத்தானே அண்ணே, கியர்பெட்டிக்கு என்ன என்றான். ஐந்தரை லட்சம். நாலரை கூரைக்கு, மிச்சம் கதவுக்கும் கிணற்றுக் கட்டுக்கும். மரம் நேற்று இறங்கிவிட்டது. வாகனம் உன் பெயரில், உரிமையாளர் கையெழுத்து வேண்டும், அதை எப்படி விற்றீர்கள் என்று இப்போது குதிப்பாய். படிவத்தை உனக்கு அனுப்பினால் நீ கையெழுத்துக்குப் பதிலாகத் திருத்தக் காசு அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் உன் கையெழுத்தை நானே போட்டேன். பிழைதான், பொலிசுக்குச் சொல்ல விருப்பமென்றால் சொல். எட்டாம் வகுப்பில் கணக்குக்கு இருபத்தெட்டுப் புள்ளி எடுத்துவிட்டு றிப்போட்டில் என் கையெழுத்தை நீ போட்டுக் கொண்டுபோனாய், அதிபர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருசமும் நான் உன்னிடம் அதைக் கேட்டதில்லை. அதற்கும் இதற்கும் சரி.

மகன், நீ கெட்டவன் இல்லை. பத்து வருசமாக நாட்டுப் பக்கம் வராதவன், கடல் வந்தபோது விசா இல்லாமல் வரமுடியாமல் ரெலிபோனில் அழுதவன், இப்போது விசா இருந்தும் வெறுங்கையோடு வர வெட்கப்படுகிறாய். எப்போது வருகிறாய் என்று கேட்கிற போதெல்லாம் ஜீப் சரியாகட்டும் அப்பா என்கிறாய். இனி அந்தச் சாட்டு இல்லை. கொழும்பில் இருந்து பஸ் வருகிறது, ஆரையம்பதிச் சந்தியில் இறங்கினால் நடந்து வரலாம், நானே வந்து நிற்பேன். இரவு வேலையைக் குறை, இருமலுக்கு மருந்து எடு, கடன் அட்டைக்காரனுக்கு உள்ளதை முதலில் கட்டி முடி, இனிமேல் படம் பார்த்து ஒன்றும் வாங்காதே. அம்மா உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள், அக்கா உன் படத்தைத் துடைத்து வைக்கிறாள். நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ்ந்து, எங்கள் கண்முன்னே நீயும் ஒரு குடும்பமாக நிற்க அந்தக் கந்தன் அருள் புரியட்டும்.

ஆவணி பதினொன்று கல்யாணம், மறந்துவிடாதே. மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது அவர் காலைக் கழுவி உள்ளே கூட்டி வருவது பெண்ணின் தம்பி. உன் கையெழுத்தைப் போட்ட மாதிரி அதையும் உனக்குப் பதிலாக நான் செய்ய முடியாது. நீ வராவிட்டால் யாரை நிறுத்துவது என்று அம்மா கேட்டாள், ஒருவரையும் நிறுத்த வேண்டாம், செம்பும் தண்ணீரும் அப்படியே வாசலில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இது என் சொந்தக் கையெழுத்து,
அப்பா
க. கதிர்காமத்தம்பி