மாமாவின் கோட்டு

தம்பிக்கு,

படகின் பாய் நன்றாக இருக்கிறது. நீ சொன்னதுபோல ஒரு கிழிசல்கூட இல்லை. முதன்முதலாகப் பழைய பாய்மரப் படகு வாங்குகிறவளுக்கு வேறென்ன தெரியும்? அண்ணாந்து பாயைப் பார்த்தேன். காலடியைப் பார்க்கத்தான் படகுப் பட்டறையில் வேலை செய்யும் உன்னைக் கூட்டிப்போனேன்.

அன்று உன் கோட்டைக் கழற்றிப் படகின் முன்பக்கம் விரித்தாயே, நினைவிருக்கிறதா? என் மகள் அந்தப் பக்கம் ஓடியபோது, "மாமா கோட்டை மிதிச்சே, மாமாவுக்குக் கெட்ட கோவம் வரும்!" என்றாய். எல்லோரும் சிரித்தோம். விற்ற உன் முதலாளியும்தான்.

நேற்று நானும் அவளும் முதல் தடவையாகப் படகை எடுத்தோம். அதே இடத்தில் தயங்கி நின்றாள்.

"மாமா கோட்டு இல்லையே, இப்ப மிதிக்கலாமாம்மா?"

"தாராளமா மிதி" என்றேன்.

பலகை உடைந்து அவள் கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, தையல் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் பட்டறைத் தச்சர்தான் வந்து பார்த்தார். மரம் மாவாக உதிர்ந்தது. "மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. வாங்க வேணாம்னு தம்பிகிட்ட அப்பவே சொன்னேனேம்மா, சொல்லலையா?"

"சொன்னான், நான்தான் கேக்கல" என்றேன். அவர் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்கு எப்படி வந்தது?

பார்க்க வந்தால் அவளிடம் எதுவும் கேட்காதே. கோட்டு இருந்த இடத்தை மிதித்தது தெரிந்தால் மாமா கோபித்துக்கொள்வாராம். உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அக்கா