அக்கா விழுங்காத மாத்திரை

என் எஸ்தர் அக்கா,

கோபப்படாமல் கேள். நீ கண்ணை மூடிய இரண்டாவது வாரமே அத்தானோடு சண்டை போட்டுவிட்டேன். அதன்பிறகு எட்டு மாதம் உங்கள் ஊரப்பாக்கம் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை.

உன் புடவைகளை எடுத்து அடுக்கியபோது, அலமாரியின் அடியில் ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. திறந்தால் உள்ளே நிறைய மாத்திரை. எல்லாமே அந்தத் தண்ணி மாத்திரைதான். உன் இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கியபோது, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற டாக்டர் தினமும் காலையில் போடச் சொன்னது.

எனக்கு உடனே அத்தான் மேல்தான் சந்தேகம். "இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துடும், மருதம்பட்டைக் கஷாயம் குடி" என்று உன்னை அரித்தவர் அவர்தானே?

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கஷாயம் குடின்னு சொன்னேன், நிஜம்தான். ஆனா மாத்திரையை நிறுத்தச் சொல்லலை ரூபி. தினம் காலைல நான்தான் அவ கையில குடுப்பேன்."

"பொய்" என்றேன். அவர் வாதாடவில்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது. அவரை மட்டுமா? மருந்துக் கடைக்காரரை, டாக்டரை, உனக்குக் கஷாயப் பொடி கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவை என்று ஒருவரையும் விடவில்லை.

போன மாதம் உன்னோடு பள்ளியில் வேலை பார்த்த வசந்தி டீச்சரைத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். என்ன மறைக்கிறீர்கள் என்று நான் விடாமல் கேட்டேன்.

"ஸ்கூல் இருக்கிற நாள்ல எஸ்தர் அந்த மாத்திரையைப் போட மாட்டாங்க. போட்டா அரை மணிக்கு ஒருக்கா போகணும். கிளாஸ் மூணாவது மாடி, டாய்லெட் கீழே. இறங்கி ஏறினா மூச்சு வாங்கும். பாதி கிளாஸ்ல வெளியே போனா எச்.எம். கூப்பிட்டுக் கேக்கறாங்க. வேலைய விட்டு நிறுத்திடுவாங்களோன்னு பயம். யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

முதலில் அவரையும் நம்பவில்லை, அக்கா. வீட்டுக்கு வந்து யோசித்தேன். மே மாத லீவில் உன் கால் வீக்கம் வடிந்தது. என்னோடு மார்க்கெட் முழுக்க நடந்தாய். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் கால் மறுபடி வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டி, தலையணை ஒன்று மூன்றானது. என் கண் முன்னால்தானே எல்லாம் நடந்தது?

பத்து நாளுக்கு முன் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் சர்ச் ஹாலில் இதய நோய் விழிப்புணர்வு முகாம் போட்டார்கள். இதிலும் என்ன ஏமாற்று வேலையோ என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஓர் ஆணின் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். உன்னைப் போல் கால் வீங்கிய ஒருத்தியைக் காணோம். எழுந்து உன் கதையைச் சொன்னேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். "நேரத்தை மாத்தியிருக்கலாமேம்மா. ஸ்கூல் விட்டு வந்து நாலு மணிக்குப் போட்டிருக்கலாம். நிறைய பேருக்கு அப்படி எழுதித் தர்றோம். தானா நிறுத்தாம எங்களைக் கேட்டிருந்தா போதும்" என்றார்.

நேரத்தை மாற்றினால் போதுமாம், அக்கா!

"நீங்க கேட்டீங்களா டாக்டர்? மாத்திரை போட்டுட்டு எங்க போவீங்கன்னு யாராவது அவளைக் கேட்டீங்களா?"

அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினார். "நானும் வேளச்சேரிக்கு பஸ்ல போற நாள்ல போட மாட்டேங்க." அவருக்குப் பக்கத்தில், மறைமலை நகரில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒருவர், "நானும்தான்" என்றார். டாக்டரம்மா மைக்கை வைத்துவிட்டு அவர்களிடம் நடந்து போனார்.

அங்கிருந்து நேராக ஊரப்பாக்கம் போனேன். அத்தானிடம் எல்லாம் சொல்லி, மன்னிக்கச் சொன்னேன்.

"குடுத்தேன் ரூபி. விழுங்கினாளான்னு பாக்கலையே" என்றார்.

இருவரும் அழுதோம். நீ வாயை மூடிக்கொண்டு என்னை எவ்வளவு அலைக்கழித்தாய் என்று உன்னைத் திட்டவும் செய்தேன். என்னிடமாவது ஏன் சொல்லவில்லை? துருவித் துருவிக் கேட்பேன் என்று பயந்தாயா? இல்லை, கேட்கவே மாட்டேன் என்று நினைத்தாயா?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் பேச அத்தானும் நானும் உட்காரப் போகிறோம். டாக்டரம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். யார் வந்து "மாத்திரையெல்லாம் கரெக்டா போடறேன்" என்றாலும் நான் நம்பப்போவதில்லை. எத்தனை படி ஏறுகிறீர்கள், எவ்வளவு நேரம் பஸ்ஸில் நிற்கிறீர்கள், போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, என்று கேட்டு முடித்துத்தான் அனுப்புவேன். எரிச்சல்படட்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் ஒருத்தியை மட்டும் சந்தேகப்படத் தவறிய
உன் தங்கை,
ரூபி