கறுப்பு வண்டிக்கு எந்தத் தண்ணீர்

மாசி 9, திங்கள்

எட்டு மணிக்கே வெயில். வண்டி கழுவும் மேடை போட மூன்று இடமும் பார்த்து முடித்தேன்.

நெருப்பெரிச்சல் ஊர்: கிணற்றுத் தண்ணீர் ருசி. ஆனால் பங்குனியில் அடி தெரியும். லாரி அங்கே எதற்கு வரப்போகிறது?

மண்ணரை: சந்து. லாரி திரும்பாது. வாசலில் சேறு ஓடினால் பெண்கள் விளக்குமாற்றோடு வருவார்கள். நியாயம்தான்.

தாராபுரம் ரோடு, காதர் பாய் இடம்: கிணறு நிறையத் தண்ணீர். கிழக்கே சரிவு, அழுக்குத் தண்ணீர் தானாக வேலங்காட்டுக்குப் போய்விடும். லாரி ஓயாத ரோடு.

மூன்று கிணற்றிலும் ஒரு குடம் எடுத்து, மூன்று துண்டு பனியன் துணி வெளுத்துப் பார்த்தேன். பாய் கிணற்றுத் துணி, அடேயப்பா, கண் கூசுகிறது! சலவைப் பட்டறையில் இருபது வருசம் மேஸ்திரி. தண்ணீரைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? தாராபுரம் ரோடுதான்.

மாசி 10, செவ்வாய்

லாரி டிரைவர் பொன்னுசாமி வந்தார். இந்த யோசனையே அவர் புலம்பலில் பிறந்தது. தாராபுரம் போனால் அமராவதி ஆற்றில் வண்டியை இறக்கி அவரே தேய்த்துக் கழுவுவார். இங்கே லாரி ஷெட்டில் விட்டால் எவனோ என்ஜினுக்குள் தண்ணீர் அடித்து விடுகிறான், ஏச்சு இவருக்கு.

"என்ற வண்டிய நாந்தானுங்க கழுவோணும். எடமும் தண்ணியும் குடுத்தாப் போதும், ஆளு வேண்டாமுங்க."

அவ்வளவுதான் திட்டம். மேடை, குழாய், பிரஷ், சோப்பு. வருகிறவர் காசு கொடுத்துத் தானே கழுவிக்கொண்டு போக வேண்டியது.

கயிறு பிடித்து லாரியை அளந்தோம். வீட்டு வாசலில் சாக்பீஸால் மேடை வரைந்தேன், நிஜ அளவில். என் மனைவி ராசாத்தி வெளியே வந்தாள்.

"வாசப்பூரா லாரி நிறுத்திட்டா நான் கோலத்தை எங்கீங்க போடறது? உங்க தலையிலயா?"

இரண்டு சக்கரத்துக்கு நடுவில் போட்டுக்கொள் என்றேன். போட்டாள்! பொன்னுசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மாசி 11, புதன்

காதர் பாயிடம் வரைபடம் காட்டினேன். பஞ்சு வியாபாரம், நிதானமான மனுசர். முழுக்கக் கேட்டார்.

"எடமும் நான் குடுத்து, வண்டியும் நானே கழுவோணுமா மேஸ்திரி? நல்லா இருக்குதே நியாயம்!"

பிறகு சொன்னார்: "வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு என்ற அம்பாசிடரக் கொண்டாரேன். அந்தக் கெணத்துத் தண்ணில கழுவிக் காட்டுங்க. மனசுக்குப் புடிச்சா மேடை போடுங்க. இல்லீன்னா குடோன் கட்டிக்கிறேன்."

சிமெண்ட் பர்மிட் கிடைத்துவிட்டது. கொத்தனார் திங்கட்கிழமைக்குத் தயார்.

இருமல் இன்று குறைவு. பட்டறையை விட்டு ஒரு மாதம். பிளீச்சிங் பவுடர் புகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் திங்கட்கிழமை வரை எனக்காகக் காத்திருப்பாராம், பிறகு வேறு மேஸ்திரியாம். இது நடக்காவிட்டால் மறுபடி அந்தச் சலவைத் தொட்டிதான். வேறு என்ன தெரியும் எனக்கு?

மாசி 13, வெள்ளி

கெட்டது.

அம்பாசிடர் கறுப்பு. நானே தேய்த்தேன். ஈரத்தில் மையாக மின்னியது. பாய் "பலே" என்றார். வெயிலில் நிறுத்தினேன், காய்ந்து இன்னும் மின்னட்டும் என்று.

கால் மணி நேரம். கூரை, பானெட், கண்ணாடி, எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தேமல் வந்த மாதிரி.

உப்புத் தண்ணீர்! வெள்ளைத் துணியில் உப்பு எப்படித் தெரியும்? இருபது வருசமாக வெள்ளையையே பார்த்த கண். கறுப்பைப் பற்றி ஒரு தடவையாவது யோசித்தேனா? முட்டாள், முட்டாள்.

பாய் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாருங்க மேஸ்திரி" என்று மட்டும் சொன்னார். பாயின் டிரைவர் துண்டால் தேய்க்கத் தேய்க்கத் திட்டு இன்னும் பரவியது.

சோறு இறங்கவில்லை.

மாசி 14, சனி

எண்ணெய் தேய்த்துக்கொள்ள மாட்டேன் என்றேன். ராசாத்தி விடவில்லை. "தண்ணி மேல கோவம்னா குளிக்காம இருப்பீங்களாக்கும்?" பிடித்து உட்கார வைத்து, தலைக்கு அரப்புத் தூள் போட்டு, எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். கடைசியில், எப்போதும் போல, "கண்ண மூடுங்க, நல்ல தண்ணி" என்று இரண்டு சொம்பு.

அது எதற்கு என்று கேட்டேன். கலியாணமான நாளிலிருந்து ஊற்றுகிறாள், இன்றுதான் கேட்கிறேன்.

"உப்பு தலையில நின்னா முடி வறட்டீன்னு ஆயிருமில்லீங்க? கடேசித் தண்ணி நல்ல தண்ணியா இருந்தாப் போதுமுங்க. முன்னால எது ஊத்துனா என்ன?"

காதில் அரப்போடு எழுந்து ஓடினேன். அவளுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை வெயிலில் வைத்தேன். முழுக்க உப்புத் தண்ணீர். பாதியில் மட்டும், மேலே ஒரு சொம்பு நல்ல தண்ணீர். காய்ந்தது. ஒரு பாதி தேமல், ஒரு பாதி பளபள.

"என்ற பொட்டி!" என்று கத்தினாள். அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. துண்டோடு நின்றதால் சுற்றவில்லை.

வரைபடம் மாற்றினேன். மேடை இறங்கும் இடத்தில் ஒரு டிரம், அடியில் குழாய். நல்ல தண்ணீர் வண்டிக்காரர் தினமும் நிரப்புவார். ஒரு வண்டிக்கு இரண்டு வாளி, கடைசியாக.

மாசி 15, ஞாயிறு

டிரம் இரவல். பொன்னுசாமி உதவி. பாய் வந்தார். அவர் டிரைவரையே கழுவச் சொல்லி நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், திட்டம் அதுதானே. முதலில் கிணற்றுத் தண்ணீர். பாய் முகம் சுளித்தார். பிறகு வண்டிக் கூரை மேலிருந்து இரண்டு வாளி நல்ல தண்ணீர்.

வெயிலில் நிறுத்தினோம்.

காய்ந்தது. ஒரு திட்டு இல்லை.

பாய் சுற்றி வந்தார். குனிந்தார். விரலால் பானெட்டைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியையும்.

"யாரு சொன்னது இந்த ரோசனை?"

"ஊட்டுல சொன்னாங்க."

"அப்ப அவங்களையும் கேட்டுட்டு மேடை போடுங்க. குடோனை நான் வேற பக்கம் பாத்துக்கறேன்."

நாற்பத்தாறு வயதில் ரோட்டோரத்தில் அழுதேன். பொன்னுசாமி தண்ணீர் கொடுத்தார், நல்ல தண்ணீர்.

கொத்தனார் நாளை ஆறு மணிக்கு. பட்டறைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், வேறு மேஸ்திரி பார்த்துக்கொள்ளச் சொல்லி. வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே போகவில்லை.