மெர்வின் கல்லில் இல்லாத வரி

ஏப்ரல் 17, 1983

என் அன்பு வெண்டிக்கு,

நீயும் மாப்பிள்ளை டீட்டரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது யார் பேச்சையும் கேட்பதில்லை, அவரைப் போலவே. வாரக்னபீல் டவுன் டாக்டர் ஏணியில் ஏறக்கூடாது என்றார், மறுநாளே கொட்டகைக் கூரைமேல் நின்று எனக்குக் கையசைக்கிறார். வறட்சியில் ஆடுகளில் பாதியை விற்றுவிட்டதால் வேலை குறைவு. தூசிப் புயலில் வீட்டுக்குள் வந்த மண்ணை இன்னும் துடைத்து முடியவில்லை, உன் கல்யாணப் படத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு பாத்தி கீரை போடலாம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. என் அண்ணன் மெர்வினின் கல்லறைக்குப் போய் வந்தாய் என்று படித்ததும், இருபத்தைந்தாம் தேதி போர் நினைவு நாளுக்குப் பழகிப் பார்க்க அடுப்பில் வைத்திருந்த பிஸ்கட்டையே மறந்துவிட்டேன், எல்லாம் கரி. உன் அப்பா அதிலும் ஜாம் தடவித் தின்றார். போரில் அவன் விமானம் விழுந்த இடத்துக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் நீ வாழ்க்கைப்பட்டுப் போவாய் என்று யார் கண்டது. அவனோடு செத்த ஆறு பேரின் கல்லிலும் வீட்டார் எழுதிய வரி இருக்கிறது, மாமா கல்லில் மட்டும் பேரும் வயது இருபது என்பதும்தான், ஏன் அம்மா என்று கேட்டிருக்கிறாய். முப்பத்து நான்கு வருஷமாக யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று நான் பயந்த கேள்வி அது.

மெர்வினை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய், அதில் நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறான். நிஜத்தில் வாய் அடங்காது, என்னை “ஏய் குச்சிக்காலு” என்றுதான் கூப்பிடுவான். குண்டு போடும் விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு தனியாக உட்காரும் வேலை அவனுக்கு. “எல்லாரும் போற எடத்தப் பாத்துக்கிட்டுப் போறாங்க, நான் மட்டும் வந்த எடத்தப் பாத்துக்கிட்டே போறேன்” என்று எழுதினான். நாற்பத்து நான்கிலும் இங்கே இதே மாதிரி கொடிய வறட்சி. எந்தக் கடிதமானாலும் கடைசியில் “மழ வந்துச்சா?” என்று கேட்பான். என் அப்பா மழையை அளக்க வேலிக்கம்பத்தில் கட்டியிருந்த ஜாம் டப்பாவைப் பார்த்துவிட்டு வந்து “இல்லை” என்று ஒரே சொல் எழுதுவார். நவம்பரில் மதகுரு தந்தியோடு வாசலில் வந்து நின்றார். காணவில்லை என்றது தந்தி. இறந்தது உறுதி என்று பிறகு வந்த கடிதத்தை என் அம்மா தொடவே இல்லை, வாராவாரம் அவன் பூட்ஸுக்குக் கொழுப்பு தடவி வைத்தார். மழை அடுத்த ஜூலையில்தான் வந்தது.

நாற்பத்தொன்பதில், கல்லில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, போர்க் கல்லறைகளைப் பராமரிப்பவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது, இடைவெளியோடு சேர்த்து அறுபத்தாறு எழுத்துக்குள். என் அப்பா மூன்று ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, எழுத்துக்கு ஒரு கோதுமை மணி வைத்து எண்ணினார். யாருக்கும் காட்டாமல் உறையை ஒட்டி, “டவுனுக்குப் போறப்ப போட்டுடு பிள்ள” என்று என்னிடம் தந்தார். மறுநாள் கிளம்பும்போது அம்மா துணி துவைக்கும் கொட்டகையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அதப் போட்டா அவன நீயே பொதச்ச மாதிரிடி” என்றார். நான் போடவில்லை. சாயங்காலம் அப்பாவின் கண்ணைப் பார்த்தே “போட்டுட்டேன்பா” என்று சொன்னேன். அம்மா மனசு ஆறட்டும், பிறகு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டேன், அதற்குள் கல்லை நட்டுவிட்டார்கள்.

பிறகு ஒவ்வொரு நினைவு நாளிலும் ஊர் ஹாலில் டீ குடிக்கும்போது, வாயே திறக்காத என் அப்பா யாரிடமாவது “எம்புள்ள கல்லுல நான் எழுதுனது இருக்கு” என்பார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், “அவனுக்கு எழுதுனது, அவன் படிச்சுக்குவான்” என்பார். நான் பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அம்மா போன பிறகாவது சொல்லியிருக்கலாம், ஆனால் அப்போது அப்பாவுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வரிதான். எழுபத்திரண்டில் அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினார். தப்பு என்னுடையது வெண்டி, என் அம்மாவைக் குறை சொல்லாதே. நீ என்னை என்ன நினைத்தாலும் சரி, இனி இதை என்னால் சுமக்க முடியாது.

தையல் டப்பாவின் அடியில் கிடந்த அந்த உறையை இத்தனை வருஷமும் நான் பிரித்ததில்லை. செவ்வாய்க்கிழமை பிரித்தேன். “மழை வந்துவிட்டது மகனே, நீ தூங்கு” என்று எழுதியிருக்கிறார், பென்சிலில். படித்துவிட்டு அழுது தீர்த்தேன், உன் அப்பா பயந்துபோய் முழங்காலை மறந்து ஓடிவந்தார்.

காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ இன்னொரு தடவை போய் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று படி. சத்தமாகப் படி, விமான இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது என்று எழுதியிருந்தான். உன் மாமியாரை உன்னோடு வரச் சொல்லி வற்புறுத்தாதே, அவர் தங்கை நம் விமானங்கள் போட்ட குண்டுகளில் போனவள். வந்தால் வரட்டும், வராவிட்டால் அவர் பக்கத்து நியாயம் அது.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. மறந்துவிடாதே, இன்று காலை வேலி டப்பாவில் அரை அங்குலம். அதையும் அவனிடம் சொல்லிவிடு.

உன் அம்மா,
ஐவி