புதன்கிழமைக் குப்பை

2024 ஜூன் 5, புதன்

குப்பை ஏற்றுகிற பிரதேச சபை டிராக்டர் எங்கள் வாசலில் நின்றது, பார்த்தது, ஏற்றாமல் போய்விட்டது. நேற்று முதுகு முறிய நின்று தென்னை மட்டைகளை மூன்றடிக்கு வெட்டி, கயிற்றால் கட்டி, சருகைத் தனியாகப் பையில் போட்டு வைத்தேன். சருகுக்குள் பொலித்தீன் கிடக்காம். "உக்காத சாமான் கலந்தா ஏத்த ஏலா ஐயா. அடுத்த முறை தண்டம்" என்றான் டிராக்டரில் வந்த பொடியன்.

கலந்தது ஜெயரூபன்தான். என் சகலன். மாமி தன் வீட்டு வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகக் கொடுத்தா. தெருவாசல் படலை ஒன்று, குப்பை வைக்கிற இடமும் ஒன்று. மாமரம் அவன் பக்கம். கூட்டுறது நான்!

ஜூன் 8

கேட்டேன். "எனக்கென்ன தெரியும் அண்ணன்" என்று சிரித்தான். இன்னொருக்காச் சிரிக்கட்டும், செவிட்டைப் பொத்தி அறைஞ்சு விடுறன்.

ஜூன் 12, புதன்

எழுதாட்டி விசர் பிடிக்கும்.

விடியப் பார்த்தால் திரும்பவும் சருகுக்குள் ஷொப்பிங் பை, யோகட் கப். ஜெயரூபன் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றான். பச்சை மட்டையை உருவித் தோளில் போட்டன். விழுந்தான். நெஞ்சில உதைஞ்சன். வாயால ரத்தம். நிற்பாட்டினேனா? இல்ல. மண்டைக்கு ஓங்கினன் — அவன் பெண்சாதி சுலோ குறுக்க விழுந்தாள். "அத்தான், வேணாம்!" மட்டை அவள் கையில இறங்கிச்சு. எலும்பு முறிஞ்சது எனக்கே கேட்டது. ஐயோ.

புஸ்பம் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். என் பெண்சாதி. "அத வச்சது நான்! பொலித்தீன் எடுக்கிற நாள மறந்துபோய் நான்தான் ஒளிச்சு வச்சன். சொல்லியிருந்தா என்னையும் இப்பிடித்தானே அடிச்சிருப்பீங்க!"

என்னில் அவளுக்கு இவ்வளவு பயமா? தெரியாத மாதிரி எழுதுறன். தெரியும்.

ஜூன் 14

சுலோ தடுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாளாம். பொலிசுக்கும் போகவில்லை. வெக்கமாக் கிடக்கு.

பின்னேரம் புஸ்பம் என் உடுப்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். "இது எங்கட அம்மா எங்களுக்குத் தந்த வளவு. நீங்க வெளிக்கிடுங்க." அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பன்.

ஜூன் 17

புஸ்பம் போன் எடுக்கிறாளில்லை.

ஜூன் 26

கிரான் ஊரில் தம்பியோடு பன்னிரண்டு நாள். காலையில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றேன். தம்பியின் பெண்சாதி தேத்தண்ணியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இன்னும் எத்தின நாளைக்கு அத்தான்?"

இதுவும் அவளுக்குச் சீதனமாக வந்த வீடுதான். தம்பி உள்ளுக்குத்தான் இருந்தான். வெளியே வரவில்லை.